ஒரு பின் தள்ளிப்போச்சு: பேக்பிளேனுக்கு எந்த கனெக்டர்?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம்; திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னிக்கு எபிசோட் கொஞ்சம் சின்ன விஷயம். எவ்வளவு சின்னதுன்னா, சரியா 2.54 மில்லிமீட்டர். ஒரு கனெக்டர்ல ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் நடுவுல இருக்கிற தூரம். இந்த 2.54 மில்லிமீட்டரால எங்க அபார்ட்மென்ட்ல பதினாறு வீட்டுக்கு ஒரு ஏப்ரல் மாசக் காலையில பதினொரு மணி வரைக்கும் தண்ணி வரல. காரணம் நான்தான்.

கதையைச் சொல்லிட்டு விஷயத்துக்கு வரேன். இல்ல, கதையே விஷயம்தான்.

நாங்க இருக்கிறது சேலையூர் பக்கம். தாம்பரம், சேலையூர், மேடவாக்கம்னு இந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்கு விளக்க வேண்டாம். போர் தண்ணி, லாரி தண்ணி, சம்ப், மொட்டை மாடி டேங்க். லாரி எப்போ வரும்னு யாருக்கும் தெரியாது. வந்தா சம்ப் நிரம்பும், உடனே மோட்டார் போடணும். மாடி டேங்க் நிரம்பி வழிஞ்சா அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்ல போட்டோ வரும்.

நான் எலெக்ட்ரானிக்ஸ்ல ஆர்வக்கோளாறு. "இதை ஆட்டோமேட் பண்ணிடலாம் சார்"னு செக்ரட்டரிகிட்ட சொல்லிட்டேன். அவர் ரயில்வேல இருந்து ரிட்டயர் ஆனவர். "தம்பி, பண்ணு. ஆனா கெட்டுப்போனா யாரு பார்ப்பா?"னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நான் இருக்கேன்ல சார்"னு சொன்னேன். அந்தக் கேள்வி எவ்வளவு பெரியதுன்னு எனக்கு அப்போ புரியல.

பேக்பிளேன்னா என்ன?

எல்லாத்தையும் ஒரே போர்டுல பண்ணா, ஒரு பார்ட் போனா முழு போர்டையும் கழட்டணும். அதனால தனித்தனி கார்டா பிரிச்சேன். பவருக்கு ஒரு கார்டு, இஎஸ்பி32 இருக்கிற சிபியு கார்டு, தண்ணி அளவு பார்க்கிற சென்சார் கார்டு, ரிலே கார்டு, டிஸ்ப்ளே கார்டு. இந்த அஞ்சும் போய் சொருகுற பலகைதான் பேக்பிளேன்.

ஒரு தெருன்னு வைச்சுக்கோங்க. தெருவுல கரண்ட் லைன், தண்ணி பைப், டெலிபோன் கேபிள் எல்லாம் நேரா ஓடுது. ஒவ்வொரு வீடும் அதுல இருந்து ஒரு கனெக்ஷன் எடுத்துக்குது. பேக்பிளேன்ல ஸ்லாட் எல்லாம் அப்படித்தான்: முதல் ஸ்லாட்டோட ஒண்ணாம் பின், ரெண்டாம் ஸ்லாட்டோட ஒண்ணாம் பின், மூணாவது... எல்லாம் ஒரே கம்பி. எந்தக் கார்டை எந்த ஸ்லாட்ல போட்டாலும் வேலை செய்யும். வசதி இதுதான். ஆபத்தும் இதுதான், ஏன்னா ஒரு வீட்ல தப்பு நடந்தா தெரு முழுக்கப் போகும்.

ஒரு விஷயத்தை இங்கயே சொல்லிடறேன். 230 வோல்ட் எதுவும் இந்தப் பெட்டி பக்கமே வரல. என் ரிலே கார்டு, மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ள இருக்கிற இன்னொரு ரிலேவுக்கு 12 வோல்ட் மட்டும் அனுப்பும். அந்தப் பக்கம் முழுக்க எலெக்ட்ரீஷியன் அண்ணன் வேலை. நீங்க எதைப் பண்ணாலும் இந்தக் கோட்டைத் தாண்டாதீங்க.

அந்தக் காலை

கனெக்டருக்கு நான் யோசிக்கவே இல்ல. வீட்ல பெர்க் ஸ்ட்ரிப் கிடந்தது, போட்டேன். கார்டுல இருபது பின் ஆண், பேக்பிளேன்ல இருபது ஓட்டை பெண். முதல் அஞ்சு பின் இப்படி: 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட், கிரவுண்ட், கிரவுண்ட். பெரியதுல இருந்து சின்னது வரைக்கும் வரிசையா, பார்க்க அழகா இருந்தது.

ஏப்ரல்ல ஒரு நாள், காலை ஆறு மணி. சென்சார் தப்பா காட்டுதுன்னு மோட்டார் ரூமுக்குப் போனேன். உள்ள லைட் ஃபியூஸ் போயிருந்தது. ஒரு கையில போன் டார்ச், ஒரு கையில கார்டு. சென்சார் கார்டைப் பிடுங்கி, வயரைச் சரி பண்ணி, திரும்ப சொருகினேன். உள்ள போச்சு, நல்லா டைட்டாவே உட்கார்ந்தது. ஸ்விட்ச் போட்டேன். ஒரு சின்ன 'டிக்'. அப்புறம் அந்த வாசனை. எலெக்ட்ரானிக்ஸ் பண்றவங்களுக்கு அந்த வாசனை தெரியும்.

கார்டு ஒரு பின் தள்ளி உட்கார்ந்திருந்தது. முதல் பின் வெளியே காத்துல தொங்குது. கார்டோட 5 வோல்ட் பின், பேக்பிளேனோட 12 வோல்ட்ல. கார்டோட 3.3 வோல்ட் பின், 5 வோல்ட்ல. அஞ்சாவது பின் மட்டும் கரெக்டா கிரவுண்டுல போய் உட்கார்ந்ததால சர்க்யூட் முழுமையாயிடுச்சு. சென்சார் கார்டு காலி. சிக்னல் கம்பிகள் எல்லாருக்கும் பொதுங்கிறதால சிபியு கார்டும் டிஸ்ப்ளே கார்டும் கூடவே காலி. ஆட்டோமேட்டிக் போனா கையால போட ஒரு மேனுவல் ஸ்விட்ச் வைச்சிருக்கணும். அதையும் வைக்கல. எலெக்ட்ரீஷியன் அண்ணன் பதினொரு மணிக்கு வந்து நேரா வயர் கொடுத்த பிறகுதான் தண்ணி ஏறிச்சு.

அன்னைக்கு லிஃப்ட்ல என்னைப் பார்த்த யாரும் எதுவும் சொல்லல. அதுதான் கஷ்டமா இருந்தது.

பெர்க் ஸ்ட்ரிப்பைத் திட்டலாமா?

திட்ட முடியாது. பெர்க்ங்கிறது ஒரு கம்பெனி பேரு. அந்தக் கம்பெனியை டூபாண்ட் 1972ல வாங்கிச்சு. அதனாலதான் நாம இந்த பின்னை பெர்க் ஸ்ட்ரிப்னும், இதுல சொருகுற ஜம்பர் வயரை டூபாண்ட் வயர்னும் சொல்றோம். விலை குறைவு. எந்தக் கடையிலயும் கிடைக்கும். ஜீரோ பிசிபி ஓட்டையில நேரா உட்காரும். வேணுங்கிற நீளத்துக்கு உடைச்சுக்கலாம். கத்துக்கிறதுக்கு இதைவிட நல்லது கிடையாது.

உலகத்துல இதை வைச்சே வெற்றிகரமா ஓடுற ஒரு பேக்பிளேன் இருக்கு. ஆர்சி2014. பிரிட்டன்ல ஸ்பென்சர் ஓவன்னு ஒருத்தர் உருவாக்கின கிட், இசட்80 ப்ராசஸர் வைச்ச பழைய பாணி கம்ப்யூட்டர். ஒற்றை வரிசை பின் ஹெடர்தான் அதோட பஸ். விலை குறைவு, சால்டரிங் சுலபம், அதனாலயே அதைச் சுத்தி நிறைய பேர் கார்டு பண்ணினாங்க. ஆனா அது மேசை மேல இருக்கிற கம்ப்யூட்டர். வெளிச்சம் இருக்கு, நிதானம் இருக்கு, சொருகுறவர் கட்டினவரே.

என் கார்டு சொருகப்பட்டது இருட்டுல, அவசரத்துல. பெர்க் ஸ்ட்ரிப்புக்கு மேல கீழ தெரியாது, இடது வலது தெரியாது. தப்பா வந்தாலும் 'வாங்க'ன்னு உள்ள விட்டுடும்.

அப்போதான் கேள்வியையே மாத்திக்கணும்னு புரிஞ்சது. 'எந்த கனெக்டர் நல்லது?'ன்னு கேட்கக் கூடாது. மூணு கேள்வி கேட்கணும்.

ஒண்ணு, தப்பா சொருகினா என்ன ஆகும்?

ரெண்டு, எங்க, எத்தனை வருஷம், எத்தனை தடவை கழட்டி மாட்டப்படப்போகுது?

மூணு, மூணு வருஷம் கழிச்சு அதே பீஸ் திரும்பக் கிடைக்குமா?

கையில கிடைச்சதை எடுத்தவங்க

முதல் கேள்விக்கு வரலாற்றுலயே ஒரு நல்ல பாடம் இருக்கு. 1975 ஜனவரி 'பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்' பத்திரிகை அட்டையில வந்தது ஆல்டேர் 8800. வீட்லயே கட்டிக்கிற கம்ப்யூட்டர். அதோட பஸ்ஸுக்கு 100 பின் கார்ட் எட்ஜ் கனெக்டர். ஏன் 100? அவ்வளவு சிக்னல் தேவைப்பட்டதாலன்னு நினைக்காதீங்க. அந்த நேரத்துல 100 பின் கனெக்டர் மலிவா ஒரு லாட் கிடைச்சதுன்னுதான் பரவலா சொல்லப்படுது. நம்ம ஊர் ஆள் ரிச்சி ஸ்ட்ரீட்ல பண்றதை அவங்க அமெரிக்காவுல பண்ணியிருக்காங்க.

அந்த பஸ்ல ஒண்ணாம் பின் 8 வோல்ட். அதுக்கு ஒட்டினாப்ல ரெண்டாம் பின் 16 வோல்ட் சுமார். ஒரு பின் தள்ளினாலோ, ஒரு துளி ஈயம் வழிஞ்சாலோ கதை முடிஞ்சுது. இருந்தும் அந்த எஸ்-100 பஸ்ஸை ஏகப்பட்ட கம்பெனி எடுத்துக்கிட்டாங்க, 1983ல ஐஇஇஇ 696னு தரநிலையாவும் ஆச்சு. அவசரத்துல எடுத்த ஒரு கனெக்டர் முடிவு எவ்வளவு நாள் கூடவே வரும்னு பாருங்க. முதல் பேக்பிளேனை மாத்தலாம். அதுக்குப் பத்து கார்டு பண்ணிட்டா அப்புறம் மாத்த மனசு வராது.

எட்ஜ் கனெக்டரே தப்புன்னு சொல்லல. 1977 ஆப்பிள் டூ, 1981 ஐபிஎம் பிசி எல்லாமே எட்ஜ்தான். கார்டு பக்கம் கனெக்டரே வாங்க வேண்டாம், பிசிபி விளிம்புல இருக்கிற செப்புக் கோடுகளே பின். ஒரு இடத்துல வெட்டு விட்டா, தப்புத் திசையில உள்ள போகவே போகாது. இப்போ நிறைய ஹாபி ஆளுங்க கம்ப்யூட்டர் போர்டுல இருக்கிற பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டையே தங்களோட சொந்த பஸ்ஸுக்குப் பயன்படுத்துறாங்க. எக்ஸ்1 ஸ்லாட்ல 36 தொடர்பு, எக்ஸ்16ல 164. மலிவு.

ஆனா எனக்கு ரெண்டு சிக்கல். அதுல தொடர்புகளுக்கு நடுவுல 1 மில்லிமீட்டர்தான். ஜீரோ பிசிபியில முடியாது, போர்டை ஆர்டர் பண்ணித்தான் ஆகணும். அப்புறம் விளிம்புல போடற தங்கம். பிசிபி கம்பெனி வழக்கமா தர்ற ஈனிக் பூச்சு மெல்லிசு, மெதுவானது. திரும்பத் திரும்ப சொருகினா தேய்ஞ்சுடும். ஹார்ட் கோல்டு கேட்டா தனிக் காசு. கார்டு தடிமனும் 1.6 மில்லிமீட்டர் சுமாருக்கு இருக்கணும், இல்லைன்னா ஆடும். இன்னொரு முக்கியமான விஷயம்: அந்த ஸ்லாட்டை உங்க சொந்த வோல்டேஜுக்குப் பயன்படுத்தினா, யாராவது ஒரு நாள் அதுல நிஜ கம்ப்யூட்டர் கார்டைச் சொருகிப் பார்ப்பாங்க. பெரிசா எழுதி ஒட்டிடுங்க.

அடுத்தது எஃப்ஆர்சி கேபிளும் பாக்ஸ் ஹெடரும். சாம்பல் கலர் பட்டை வயர், ஓரத்துல சிவப்புக் கோடு. கார்டுகளை வேற வேற இடத்துல வைக்கணும்னா அருமை. பெட்டிக்கு ஒரு பக்கம் வெட்டு இருக்கு, சாக்கெட்ல ஒரு மேடு இருக்கு, தப்பா போகாது. அதாவது போகக்கூடாது. கடையில அந்த மேடு இல்லாத சாக்கெட்டும் கிடைக்கும், பிசிபியில ஹெடரையே திருப்பி சால்டர் பண்றவங்களும் உண்டு. மாட்யுலர் சிந்தசைசர் வைச்சிருக்கிற நண்பர்களைக் கேளுங்க. யூரோராக்னு ஒரு முறை, ஜெர்மனியில டோப்ஃபர் கம்பெனி ஆரம்பிச்சது. பவர் வர்றது இந்த எஃப்ஆர்சியிலதான். பத்து பின்ல ஒரு முனை பிளஸ் 12, மறுமுனை மைனஸ் 12, நடுவுல கிரவுண்ட். கேபிளைத் திருப்பிப் போட்டா பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறிடும். பாதுகாப்பு டையோடு இல்லாத மாட்யூல் அந்த நொடியே போயிடும். சிவப்புக் கோடு எந்தப் பக்கம்னு பார்க்கிறது அவங்களுக்கு ஒரு அனிச்சைச் செயல் மாதிரி ஆயிடுச்சு. கனெக்டர் செய்ய வேண்டிய வேலையை மனுஷன் கண்ணு செய்யுது.

நவம்பர்ல வந்த இன்னொரு பாடம்

ஏப்ரல் விபத்துக்கு அப்புறமும் நான் உடனே திருந்தல. மூணு கார்டையும் புதுசா பண்ணேன். அதே பெர்க் ஸ்ட்ரிப், ஓரத்துல மட்டும் அக்காவோட சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு பொட்டு. மேனுவல் ஸ்விட்ச்சும் வைச்சேன். போதும்னு நினைச்சேன்.

நவம்பர்ல மழை. ஒரு ராத்திரி வாட்ச்மேன் அண்ணன் போன் பண்றார். "தம்பி, மோட்டார் போட்டுப் போட்டு நிக்குது. வாங்க." ஓடிப்போய்ப் பார்த்தா, ஆன், ரெண்டு செகண்ட், ஆஃப், திரும்ப ஆன். மோட்டார் கிளம்புற நேரத்துல ஓடுற நேரத்தைவிடப் பல மடங்கு கரண்ட் எடுக்கும். இப்படி அரை மணி நேரம் ஆடினா காயில் எரிஞ்சுடும். நல்லவேளை, அவர் மேனுவல்ல மாத்தி நிறுத்தியிருந்தார்.

காரணத்தைக் கண்டுபிடிக்க ரெண்டு நாள் ஆச்சு. பவர் கார்டும் ஒரு மாட்யூல்தானே, அதோட ஒரே ஒரு 5 வோல்ட் பின் வழியாத்தான் எல்லாருக்கும் கரண்ட் போகுது. ரிலே ஒவ்வொண்ணும் 70 மில்லி ஆம்ப் சுமார், நாலு ரிலே, கூட இஎஸ்பி32 வைஃபை போடுற நேரத்துல இழுக்கிறது, எல்லாம் சேர்த்து அரை ஆம்பியர் வைச்சுக்கோங்க. அந்த பின்னோட தொடர்பு மின்தடை, புதுசுல ஓம்ல நூத்துல ஒண்ணு ரெண்டு பங்கு. யாரும் கவனிக்க மாட்டாங்க. அதுவே ஒரு ஓம் ஆனா? அரை வோல்ட் அங்கயே காணாம போயிடும். 5 வோல்ட் 4.5 ஆகுது. இஎஸ்பி32 போர்டுல இருக்கிற ரெகுலேட்டருக்கு 3.3 கொடுக்கணும்னா அதுக்கு மேல ஒரு வோல்டுக்குக் கூடுதலா தேவை. 4.5ல தள்ளாடும். ரிலே ஆன் ஆனதும் வோல்டேஜ் விழும், இஎஸ்பி32 ரீஸ்டார்ட் ஆகும், ரிலே ஆஃப் ஆகும், வோல்டேஜ் ஏறும், திரும்ப ரிலே ஆன். மோட்டார் ஆடின ஆட்டம் இதுதான்.

மின்தடை ஏன் ஏறிச்சு? மலிவு பெர்க் ஸ்ட்ரிப்ல பெரும்பாலும் தகரப் பூச்சு. தகரம் காத்துல பட்டதும் மேல ஒரு மெல்லிய ஆக்ஸைடு தோல் உண்டாகும். சொருகும்போது அந்தத் தோல் கிழிஞ்சு உலோகமும் உலோகமும் தொடும், பிரச்சினை இல்ல. ஆனா மோட்டார் பக்கத்துல அதிர்வு. கண்ணுக்குத் தெரியாத அளவு பின் அசையும். அசையும்போது புது உலோகம் வெளியே வரும், அது ஆக்ஸைடு ஆகும், அடுத்த அசைவுல அது பொடியாகி அங்கயே தங்கும். மாசக்கணக்கா இது நடந்தா நடுவுல ஒரு பொடி அடுக்கே சேர்ந்துடும். இதுக்கு ஃப்ரெட்டிங் அரிப்புன்னு பேரு. காத்துல ஈரமும் சேர்ந்தா கேட்கவே வேண்டாம். கார்டைப் பிடுங்கித் திரும்ப சொருகினா சரியாயிடும், ஏன்னா பொடி துடைச்சுப் போயிடுது. 'ஒரு தடவை கழட்டி மாட்டுங்க'ன்னு டெக்னீஷியன் சொல்றதுக்குப் பின்னாடி இருக்கிற அறிவியல் இதுதான்.

தங்கத்துக்கு இந்தப் பிரச்சினை இல்ல, அது ஆக்ஸைடு ஆகாது. ஆனா மஞ்சளா இருக்கிறதெல்லாம் பொன் இல்லை. கலருக்காகப் பூசின தங்கம் பத்து தடவை சொருகினா போயிடும். நல்ல கனெக்டர்ல தொடர்பு இடத்துல 0.76 மைக்ரான், அதாவது 30 மைக்ரோ இன்ச் போடுவாங்க. டேட்டாஷீட்ல அந்த எண்ணைத் தேடுங்க. இன்னொண்ணு: ஆண் பக்கம் தங்கம், பெண் பக்கம் தகரம்னு கலக்காதீங்க. ஒண்ணோட ஆக்ஸைடு பொடி இன்னொண்ணு மேல ஒட்டிக்கும், தங்கத்துக்குக் கொடுத்த காசு வீண்.

யூரோ கனெக்டர்

கடைசியில நான் போனது, கடைகள்ல யூரோ கனெக்டர்னு சொல்ற டிஐஎன் 41612. ஜெர்மன் தரநிலை. மூணு வரிசை, வரிசைக்கு 32 பின், முழுசா 96. நடு வரிசை இல்லாம 64 பின்லயும் கிடைக்கும். எனக்கு அதுவே தாராளம். 1981ல மோட்டரோலா, மோஸ்டெக், சிக்னெடிக்ஸ் சேர்ந்து அறிவிச்ச விஎம்இ பஸ் இதுமேலதான் நிக்குது. நமக்குத் தெற்கே கல்பாக்கத்துல இருக்கிற முன்மாதிரி வேக ஈனுலையோட கட்டுப்பாட்டுக் கணினிகள்கூட விஎம்இ பஸ் அடிப்படையில அமைஞ்சதுதான். தண்ணி மோட்டாருக்கு இது ஓவர்னு நண்பர்கள் சிரிச்சாங்க. சிரிக்கட்டும்.

என் மூணு கேள்விக்கும் அதுல பதில் இருந்தது.

தப்பா சொருகினா? சொருகவே முடியாது. பிளாஸ்டிக் உறையோட வடிவமே ஒரு திசையில மட்டும் உள்ள போகும். ஒரு பின் தள்ளவும் இடம் கிடையாது.

எத்தனை தடவை? தரநிலையிலயே வகுப்பு இருக்கு. முதல் வகுப்பு 500 தடவை, ரெண்டாவது 400, மூணாவது 50. கடையில மலிவா இருந்தா மூணாவது வகுப்பான்னு கேளுங்க. எங்களுக்கு 50 போதும், ஆனா பூச்சு தடிமனா இருக்கணும்னு ரெண்டாவது வாங்கினேன். ஒரு பின்னுக்கு 20 டிகிரியில 2 ஆம்பியர், 70 டிகிரி வெப்பத்துல 1 ஆம்பியர். மோட்டார் ரூம் மே மாசம் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், அதனால நான் 1 ஆம்பியர்னே கணக்கு வைச்சேன். அதுவும் 5 வோல்டுக்கு நாலு பின், கிரவுண்டுக்கு எட்டு பின். ஒண்ணு மோசமானாலும் மத்தது தாங்கும்.

குறையும் சொல்லணும். விலை பெர்க் ஸ்ட்ரிப்பைவிடப் பல மடங்கு. சொருகப் பலம் வேணும். 96 பின்னுக்கு 90 நியூட்டன் வரை, அதாவது ஒன்பது கிலோவை வைச்சு அழுத்துற மாதிரி. 64 பின்னுக்கு ஆறு கிலோ. பேக்பிளேனை நாலு மூலையில மட்டும் ஸ்க்ரூ போட்டா நடுவுல வளையும், சால்டர் விரிசல் விடும். ஒவ்வொரு கனெக்டர் பக்கத்துலயும் ஒரு ஸ்க்ரூ போடுங்க.

ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு பாடம்

மூணாவது கேள்வி, திரும்பக் கிடைக்குமா? இதுக்குத் தாம்பரத்துல லோக்கல் ட்ரெயின் ஏறி, கிண்டியில மெட்ரோ மாறி, அரசினர் தோட்டத்துல இறங்கி ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். ஒரு கடையில ரொம்ப அழகான ஒரு கனெக்டர் இருந்தது. சின்னது, லாக் எல்லாம் இருக்கு, பாதி விலை. கடைக்கார அண்ணன்கிட்ட கேட்டேன், "அண்ணே, இது எப்பவும் கிடைக்குமா?" அவர் நேர்மையா சொன்னார்: "இது ஏதோ கம்பெனி மிச்ச ஸ்டாக் தம்பி. இருக்கிற வரைக்கும்தான். அடுத்த தடவை வந்து இதே வேணும்னு கேட்காதே."

அப்புறம் யூரோவைக் காட்டி, "இது நான் கடை ஆரம்பிச்ச காலத்துல இருந்து வருது"ன்னார். நரசிங்கபுரம் ஸ்ட்ரீட் பக்கம் இன்னும் ரெண்டு கடையில கேட்டேன், அங்கயும் இருந்தது. மூணு கடையில இருக்கிற பார்ட்டைத்தான் பேக்பிளேனுக்கு எடுக்கணும்னு அன்னைக்கு ஒரு விதி வைச்சுக்கிட்டேன். எடுத்த பிறகும் ஆண் அஞ்சு, பெண் அஞ்சு கூடுதலா வாங்கி டப்பாவுல போட்டேன்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையிலயும் தேடினேன். பழைய ராக் ஒண்ணு கிடைச்சது, கார்டு வழுக்கிப் போற பிளாஸ்டிக் தடத்தோட. அந்தப் பெட்டியும் தடமும் பொன்னான வாங்கல். கார்டு கனெக்டரைத் தொடுறதுக்கு முன்னாடியே தடம் அதை நேரா பிடிச்சுக்குது. ஆனா அதுல இருந்த பழைய கனெக்டரை மட்டும் எடுக்கல. எத்தனை தடவை கழட்டி மாட்டினதுன்னு தெரியாது, சால்டரைச் சூடு பண்ணி எடுக்கும்போது பிளாஸ்டிக்கும் இளகும்.

கனெக்டர் மாத்த முடியாதவங்களுக்கு

எல்லாரும் யூரோ வாங்கணும்னு சொல்லல. பெர்க் ஸ்ட்ரிப்பே போதும்னா, காசே செலவில்லாம மூணு வேலை பண்ணுங்க.

முதல்ல, கார்டுல நடு மையத்துல இல்லாத ஒரு பின்னைப் பிடுங்கிடுங்க. பேக்பிளேன்ல அதே இடத்து ஓட்டையைப் பசை போட்டு அடைச்சிடுங்க. தள்ளிப்போனாலோ திரும்பிப்போனாலோ ஏதாவது ஒரு பின் அந்த அடைப்புல இடிக்கும். இது நெயில் பாலிஷைவிட நம்பகமானது, இருட்டுலயும் வேலை செய்யும்.

ரெண்டாவது, பின் வரிசையைத் தப்பு நடக்கும்னு நினைச்சு எழுதுங்க. என் வரிசை 12, 5, 3.3, கிரவுண்ட், கிரவுண்ட். ஒரு பின் தள்ளினா ஒவ்வொண்ணுக்கும் அதைவிடப் பெரிய வோல்டேஜ். இப்போ: கிரவுண்ட், கிரவுண்ட், 5, 5, காலி. இதை எந்தப் பக்கம் ஒரு பின் தள்ளினாலும் 5 வோல்டும் கிரவுண்டும் நேரா ஷார்ட் ஆகும். ஷார்ட் ஆகட்டும்! ஸ்லாட்டுக்கு ஒரு பாலிஃபியூஸ் போட்டிருந்தா அது சூடாகி கரண்டைக் குறைச்சிடும், கார்டு பிழைக்கும். 12 வோல்ட் வேணும்னா தூரத்து முனையில, ரெண்டு பக்கமும் காலி பின் விட்டுப் போடுங்க.

மூணாவது, கரண்ட் இருக்கும்போது கழட்டாதீங்க. ஒரு பென்டிரைவை எடுத்து உள்ள பாருங்க, ஓரத்து ரெண்டு தகடு நடு ரெண்டைவிட நீளம். ஓரத்துல பவரும் கிரவுண்டும், நடுவுல டேட்டா. பவர் முதல்ல தொட்டு, டேட்டா அப்புறம் தொடணும்னு திட்டமிட்டுப் பண்ணது. நம்ம கனெக்டர்ல எல்லா பின்னும் ஒரே நீளம். எது முதல்ல தொடும்னு சொல்ல முடியாது.

செக்ரட்டரி சாரோட கேள்வி

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்காகத் திருநெல்வேலி போயிருந்தேன். காலையில வாட்ச்மேன் அண்ணன் போன். ரிலே கார்டுல எல்இடி எரியலையாம். எனக்கு வயித்தைக் கலக்கிச்சு. "அண்ணே, மேனுவல்ல போட்டுக்கோங்க, நான் நாளைக்கு வந்து பார்க்கறேன்"னேன்.

"அந்த ஸ்பேர் கார்டு ஷெல்ஃப்ல இருக்குல்ல தம்பி? ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டு மாத்திடட்டுமா?"

நான் தயங்கினேன். அப்புறம் சரின்னேன். போன் லைன்லயே இருந்தது. பெட்டி திறக்கிற சத்தம், கார்டு தடத்துல வழுக்கிற சத்தம். "தம்பி, உள்ள போக மாட்டேங்குது." ஒரு நொடி அமைதி. "ஓ, தலைகீழா பிடிச்சிருக்கேன்." அப்புறம் 'டக்'னு ஒரு சத்தம். "போயிடுச்சு. எரியுது தம்பி, பச்சை லைட்டு."

'உள்ள போக மாட்டேங்குது'ன்னு அவர் சொன்னாரே, அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் அவ்வளவு காசு கொடுத்திருக்கேன். ஏப்ரல்ல என் கார்டு அந்த வார்த்தையைச் சொல்லல.

கெட்டுப்போனா யாரு பார்ப்பான்னு செக்ரட்டரி சார் முதல் நாளே கேட்டார். நான் இருக்கேன்னு சொன்னேன். நாம எப்பவும் இருக்க மாட்டோம் மக்களே. உங்க பேக்பிளேனுக்கு கனெக்டர் எடுக்கும்போது டேட்டாஷீட்டைப் பாருங்க, விலையைப் பாருங்க, கூடவே டார்ச் பிடிச்சுக்கிட்டு அதை மாட்டப்போற ஆளையும் ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க.

உங்க கார்டு எரிஞ்ச கதை ஏதாவது இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. சிரிக்க மாட்டேன், சத்தியமா. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.